வாசல் வந்தால் ஒரு கதை

“உங்கப்பா எதைப் பாத்தா பயப்படுவார்?”

பயிற்சி அறையில் அந்த அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் வயது என்ன, என்ன மாத்திரை, எந்தக் கால் இழுக்கிறது என்றுதான் கேட்டிருந்தார்கள். அதற்கெல்லாம் அப்பாவே பதில் சொல்லிவிடுவார். நான் மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றால் போதும். இந்தக் கேள்விக்கும் அப்பாதான் முந்திக்கொண்டார்.

“பயமா? எனக்கா? அம்மா, நான் கண்டக்டர். குடிச்சிட்டு ஏறினவன், கத்தியோட ஏறினவன், ஆட்டுக்குட்டியோட ஏறினவன் எல்லாரையும் பாத்தவன்.”

அக்கா சிரித்தார். ஆனால் கண் என்னைவிட்டு நகரவில்லை. பதில் வரும்வரை அப்படியே இருப்பார் போலிருந்தது.

“கதவு,” என்றேன்.

நான் வாயைத் திறந்ததே வீட்டில் போய்ச் சொல்லத்தக்க சங்கதி. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் தொண்டை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். படிப்பு பாதியில் நின்றதற்கு அப்பாவின் நோய் காரணம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி அந்தத் தாழ்ப்பாள். “ஏன்டி, வாயைத் திறந்தா முத்தா கொட்டிடும்?” என்று அம்மா கேட்பாள். அப்பா எனக்கு வைத்த பெயர் சைலன்சர்.

கதவு என்று நான் சொன்னதும் அப்பாவின் முகம் விழுந்தது. அக்கா அதைப் பார்க்காததுபோல் எழுந்து போய், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

அப்பாவுக்கு வந்தது நடுக்குவாதம். ஆனால் பெரிதாக நடுக்கம் இல்லை. கால்தான் வம்பு செய்தது. நீளமான வராந்தாவில் மகராஜனாக நடப்பார். ஒரு வாசல் வந்தால், தரையின் நிறம் மாறினால், இடம் குறுகினால், இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். வேலை பார்த்த நாளெல்லாம் பஸ்ஸின் வாசலில் தொங்கிக்கொண்டே வாழ்ந்த மனிதர். அவருக்கு வாசல் ஆகாமல் போனது.

அதை மறைக்க அப்பா ஒரு வழி வைத்திருந்தார். கால் ஒட்டிக்கொண்டால் உடனே ஒரு கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். “ஒரு நாள் பாருங்க, கடைசி டிரிப்பு, பஸ்ஸுல ஒரே ஒரு கல்யாண மாப்பிள்ளை...” என்று வாசலில் நின்றபடியே தொடங்குவார். எதிரில் இருப்பவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எப்போதாவது வெளியே ஒரு வண்டி ஹாரன் அடிக்கும், யாராவது கைதட்டுவார்கள், அந்தச் சத்தத்தில் கால் விட்டுக்கொடுக்கும், அப்பா கதையை முடித்துக்கொண்டு போய்விடுவார். ஊரில் எல்லாரும் கண்டக்டர் நல்ல பேச்சுக்காரர் என்றார்கள். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும், வாசலில் கதை வந்தால் கால் போய்விட்டது என்று.

அந்த அக்கா இயன்முறை மருத்துவர். அந்த அரசு மறுவாழ்வு மையத்துக்கு வருகிறவர்கள் அவரை டேப் அக்கா என்பார்கள். கைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் டேப் சுருள் இருக்கும். பயிற்சி அறைத் தரை முழுக்க மஞ்சள் கோடுகள். கோட்டைத் தாண்டு என்றால் அப்பாவின் கால் கேட்டது. நட என்றால் கேட்கவில்லை. அது ஏன் என்று அக்கா மூளையின் படம் போட்டு எங்களுக்கு விளக்கினார். அன்று கூட வந்திருந்த அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்படின்னா கல்யாணமான நாள்லேர்ந்தே இவருக்கு இந்த நோய் இருக்கு. நான் நேரா சொன்னா எதுவும் கேக்க மாட்டார்,” என்றாள்.

கோடு இல்லாத இடத்தில் என்ன செய்வது? என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைக்கச் சொன்னார் அக்கா. அதைத் தாண்டக் கால் எழும்பும். கூடவே ஒரு சத்தம் வேண்டும், தாளம் மாதிரி. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தோம். கைதட்டிப் பார்த்தோம். ஒரு நாள் அக்கா சலித்துப்போய், “கண்டக்டர் சார், பஸ் கிளம்பணும்னா நீங்க என்னதான் சொல்வீங்க?” என்று கேட்டார்.

“ரைட்,” என்றார் அப்பா. சொன்ன வாயை மூடுவதற்குள் கால் தரையைவிட்டு எழும்பிவிட்டது.

அதிலிருந்து அந்த அறையே ரைட், ரைட் என்று கூவத் தொடங்கியது. எனக்கு மட்டும் அது வாயில் வராது. வீட்டில் குளியலறை வாசலில் நான் முணுமுணுப்பேன். அப்பா, “இந்த ரைட்டுக்கு சைக்கிள்கூட நகராது,” என்பார்.

இடையில் அக்கா உடம்பு சரியில்லாமல் சில வாரம் வரவில்லை. அப்பாவின் நடை நின்ற இடத்திலேயே சேறு மிதிப்பதுபோல் ஆகிவிட்டது. குளியலறை வாசலில் விழுந்து புருவம் கிழிந்தது. அக்கா திரும்பி வந்து மறுபடி பழக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவர அதைவிட அதிக நாள் பிடித்தது. ஆகவே அந்தப் பயிற்சி நின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்பா கட்டிலோடு போய்விடுவார்.

அந்த நேரத்தில்தான் புதிய விதிகளின் வரைவு வந்தது. முதியோருக்கும் உடல் குறை உள்ளவர்களுக்கும் அரசு தரும் பராமரிப்பை எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப் போகிறார்கள் என்றார்கள். நல்ல விஷயம்தான். அக்கா அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். மருத்துவர்களுக்கு ஒரு அத்தியாயம், செவிலியர்களுக்கு ஒரு அத்தியாயம். நடக்கப் பழக்குகிறவர், கையைப் பழக்குகிறவர், பேச்சைத் திருப்பித் தருகிறவர், புரையேறாமல் விழுங்கக் கற்றுத்தருகிறவர் எல்லாரும் சேர்ந்து கடைசியில் ஒரே வரி: இதர சேவைகள்.

“இதரவா?” என்றார் தையல் பெரியம்மா. பக்கவாதத்தில் இடது கை போய், அந்தக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டிருந்தவர் அவர். “சாமான் வாங்கப் போறப்போ இதர செலவுன்னு எழுதுவாங்களே, அந்த இதரவா?”

“அதேதான் பெரியம்மா,” என்றார் அக்கா. “அதுக்குக் கீழ பாருங்க. தானே இயங்க முடிஞ்சவருக்குப் பயிற்சி தேவையில்ல. முன்னேற்றம் தெரியாதவருக்கும் பயிற்சியை நிறுத்திடலாம்.”

“பாஸானாலும் வெளிய, ஃபெயிலானாலும் வெளிய,” என்றார் அப்பா. “நம்ம சைலன்சர் படிச்ச பள்ளிக்கூடம்கூட இவ்வளவு மோசமில்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வரைவைச் சோதித்துப் பார்க்க எங்கள் மையத்தையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அளவீட்டு அதிகாரி ஒருவர் வந்து, ஒவ்வொருவருக்கும் என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று பார்ப்பார். அவருடைய அறிக்கை பொது விசாரணையில் வைக்கப்படும். அதற்கு முந்தைய நாள் அக்கா எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார்.

“நாளைக்கு யாரும் நடிக்க வேண்டாம். ஆனா உங்க நல்ல நாளை மட்டும் காட்டாதீங்க. கஷ்டப்படற நாள் எப்படி இருக்கும்னு சொல்லுங்க. அது ரொம்ப முக்கியம்.”

பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்டுக்கு ஆள் வர்ற நேரத்துல அழுக்குத் துணியை வாசல்ல காயப்போடச் சொல்றியா?”

“அப்படி இல்ல பெரியம்மா...”

“உன் பேரு கெட்டுப் போகும்டி. இவ்வளவு நாள் பழக்கியும் இந்தக் கிழவிக்கு ஊசி கோக்கத் தெரியலன்னு எழுதிட்டுப் போவாங்க. நான் விடுவேனா?”

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

மறுநாள் அந்த அறையைப் பார்த்திருக்க வேண்டும். திருமண வீடு தோற்றுவிடும். அம்மா அப்பாவின் சட்டையை இரண்டு தரம் தேய்த்து அனுப்பியிருந்தாள். பெரியம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, பழைய கண்ணாடியை மாற்றி வந்திருந்தார். அளவீட்டு அதிகாரி அமைதியான பெண்மணி. அவசரப்படாமல், மரியாதையாகப் பேசினார். ஒருவரையும் அவர் நோயின் பெயரால் கூப்பிடவில்லை. அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று இன்னும் ஆசை வந்தது.

பெரியம்மா இடது கையால் ஊசி கோத்தார். அந்தக் கையால் அவர் அதற்கு முன்னாலும் கோத்ததில்லை, பின்னாலும் கோத்ததில்லை. அன்று எங்கிருந்தோ வந்தது. பேச்சு திக்கும் ஒருவர் தன் பெயரையும் முகவரியையும் தடையில்லாமல் சொல்லிவிட்டு, தானே அசந்துபோய் உட்கார்ந்தார். அப்பா மஞ்சள் கோடுகளின் மேல் அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்த் திரும்பினார். ராணுவத்தில் பார்த்திருந்தால் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷமும் தலைவலியும் மாறி மாறி வந்தன.

“வெளியில வராந்தா வரைக்கும் நடந்து காட்டறீங்களா சார்?” என்றார் அதிகாரி.

அப்பா வாசல்வரை போனார். நின்றார். நான் மாத்திரைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, ஒரு நாள் பாருங்க,” என்றார் அப்பா, அதிகாரி பக்கம் தலையை மட்டும் திருப்பி. “மழைன்னா மழை. பஸ்ஸுக்குள்ள ஒருத்தர் குடையை விரிச்சிட்டார். ஏன் சார்னு கேட்டேன். டிக்கெட்டுக்குக் காசு குடுத்திருக்கேன், நனையறதுக்கா குடுத்தேன்னார். மேல பாத்தா கூரையில ஓட்டை! அடுத்த ஸ்டாப்புல ஏறினவங்க எல்லாம் அவர் குடைக்கீழ போய் நிக்கறாங்க. நான் டிக்கெட் கிழிக்கப் போனா, இடமில்ல, குடை ஃபுல்லுங்கறார்...”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வெளியே மையத்தின் வேன் ஹாரன் அடித்தது. அப்பாவின் கால் எழும்பியது. கதையை அப்படியே தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். அதிகாரி சிரித்தபடியே பின்னால் போனார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சொல்ல வாய் இருந்தது. ஆனால் அப்பா தன் மானத்தைக் கட்டிக் காத்துக்கொண்டு போகிறபோது அதை எப்படி அவிழ்ப்பது?

அறிக்கை வந்தது. எங்கள் மையத்தில் பெரும்பாலானோர் தானே இயங்கக்கூடியவர்கள், பயிற்சி தேவையில்லை. அப்பாவைப் பற்றி: உதவியின்றி நடக்கிறார், கலகலப்பாகப் பேசுகிறார். அந்த அறிக்கையைத்தான் விசாரணையில் வைக்கப் போகிறார்கள். இதர சேவைகள் எவ்வளவு அநாவசியம் என்பதற்கு நாங்களே சாட்சி.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். “நான் அந்த ஊசியைக் கோத்திருக்கவே கூடாது.”

“ஐயோ பெரியம்மா, நீங்க கோத்தப்போ எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?” என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தப்பு ஊசியில இல்ல. முடியற ஆளுக்கு ஏன் பயிற்சின்னு கேக்கறாங்க இல்ல, அந்தக் கேள்வியிலதான். பயிற்சி இருக்கிறதாலதானே முடியுது.”

விசாரணையில், இப்படிப் பழக்குகிறவர்கள் எல்லாருடைய சங்கத்தின் சார்பிலும் பேச அக்காவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பயன்பெறுகிறவர்களில் ஒருவரும் பேசலாம். அக்கா அப்பாவைக் கேட்டார்.

“பேசறேன்,” என்றார் அப்பா. “என்னைப் பழக்கினவங்களை இதரன்னு சொன்னா சும்மா இருப்பனா? டிரைவர் பஸ்ஸை ஓட்டுவார், சரி. ஜனத்தை ஏத்தி இறக்கினது யாரு? என்னையும் ஒரு காலத்துல அப்படித்தான் சொன்னாங்க, டிரைவரும் இதர சிப்பந்திகளும்னு. அப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா அந்தக் கதவு விஷயம் வேண்டாம். அதை நான் சொல்ல மாட்டேன்.”

அந்த ஒன்றைச் சொன்னால் அறிக்கை அங்கேயே விழுந்துவிடும் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

“உங்க கதவு, உங்க இஷ்டம் சார்,” என்றார். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

விசாரணை நடந்தது ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளக் கூடத்தில். கூட்டம் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. காவலாளி விளக்குப் போடும்போதே நாங்கள் உள்ளே இருந்தோம். வாசலில் அப்பா ஒரு கதை சொன்னார். கேட்க நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா மெதுவாக ரைட் சொன்னார், உள்ளே போய்விட்டோம். அவ்வளவுதான், இனி எழுந்திருக்க வேண்டியதில்லை என்று அப்பா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

குழுவின் தலைவர் தடித்த கண்ணாடி போட்ட பெரியவர். பக்கத்தில் இன்னும் சிலர். மேசையின் ஓரத்தில் அந்த அளவீட்டு அதிகாரி. அப்பாவைப் பார்த்ததும் தெரிந்தவரைப் போலச் சிரித்துத் தலையசைத்தார். அப்பாவும் அசைத்தார்.

அப்பா மறந்தது ஒன்று உண்டு. காலையில் குடித்த தேநீர். அக்காவின் முறை வருவதற்குச் சற்று முன்னால் என் காதில் சொன்னார்: “அவசரமா போகணும்.” வெளியே போவதில் சிக்கல் இல்லை. யாரோ நாற்காலியை இழுத்த சத்தத்தில் கால் தானே தாண்டிவிட்டது. கழிவறை வராந்தாவின் கடைசியில். திரும்பி வந்தபோது அக்கா பேச ஆரம்பித்திருந்தார். கூடத்தின் கதவு இரண்டு பலகை. ஒன்றைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். மீதி இருந்தது ஒரு ஆள் போகிற இடைவெளி. இந்தப் பக்கம் வெள்ளைத் தரை. அந்தப் பக்கம் கரும்பச்சை விரிப்பு. இதைவிட மோசமான வாசலை வேண்டுமென்றே கட்டினாலும் கட்ட முடியாது.

அப்பா நின்றார்.

“சும்மா நிக்கிற மாதிரி நில்லு,” என்றார் என்னிடம், உதடு அசையாமல்.

நின்றேன். அவர் சட்டைப் பையைத் தடவினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே அக்கா, “எனக்கப்புறம் பேச வேண்டியவர் அதோ வந்துட்டார்,” என்றார். கூடம் முழுதும் திரும்பி வாசலைப் பார்த்தது.

“வாங்க, வாங்க,” என்றார் தலைவர்.

“வரேங்க ஐயா,” என்றார் அப்பா. “கதவைப் பாத்ததும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஒரு நாள் பாருங்க, பஸ்ஸுல கதவு மூடலை. பின்னாடி ஒரு கயிறு போட்டுக் கட்டியிருக்கோம். ஒரு அம்மா ஏறினாங்க, இதென்ன பஸ்ஸா, மாட்டுக் கொட்டகையான்னாங்க. பஸ்ஸுதாம்மா, கொட்டகைன்னா டிக்கெட் கேக்க மாட்டோம்னேன்...”

கூடம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். “சரி, உள்ள வந்து உக்காந்து சொல்லுங்க.”

“வரேன், வரேன். அதே பஸ்ஸுல இன்னொரு நாள்...”

இரண்டாவது கதைக்குச் சிரிப்பு குறைந்தது. மூன்றாவது கதையைத் தொடங்கியபோது ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழுவில் ஒருவர், “பெரியவருக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டுப் போங்க,” என்றார். அப்பாவின் காதோரம் வேர்வை இறங்கியது. தேய்த்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அக்கா மைக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை போதும். கூடமே சாட்சி. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார், முதல் நாள் என்னைப் பார்த்த மாதிரி. பதில் வரும்வரை.

அப்பா கதையின் நடுவில் நிறுத்தினார்.

“கதை முடிஞ்சுதுங்க,” என்றார். “கால் ஒட்டிக்கிச்சு.”

யாருக்கும் புரியவில்லை. அப்பா அளவீட்டு அதிகாரியைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

“அம்மா, அன்னிக்கு உங்களுக்குக் குடைக் கதை சொன்னேன் இல்ல? நல்ல கதைதான், பொய்யில்ல. ஆனா உங்களைச் சிரிக்க வைக்கச் சொல்லலை. அன்னிக்கும் இப்படித்தான் கால் வரலை. வாசல் வந்தா எனக்குக் கால் வராது. அதை மறைக்கத்தான் வாய் வரும். நீங்க எழுதினதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல. நான் நல்லா மறைச்சேன்.”

அதைச் சொல்லும்போது அவர் தலை குனியவில்லை. பஸ் நிறைய ஆள் இருக்கும்போது கடைசி சீட்டுவரை கேட்கிற குரலில் சொன்னார். இந்த மனிதர் என் அப்பா என்று அந்தக் கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியிடமும் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

யாரோ அவர் கையைப் பிடிக்க வந்தார்கள். “தொடாதீங்க, விழுந்துடுவேன்,” என்றார் அப்பா. “என் பொண்ணு இருக்கா. இவளுக்கும் பழக்கிக் குடுத்திருக்காங்க. சைலன்சர், ரைட் குடு.”

நான் என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தேன். அது எளிது. வாயைத் திறந்தேன். தாழ்ப்பாள் விழுந்தது. கூடம் முழுக்க முகங்கள். முணுமுணுத்தேன்.

“இந்த ரைட்டுக்கு சைக்கிள்கூட நகராது,” என்றார் அப்பா, எனக்கு மட்டும் கேட்கும்படி. கதைகள் தீர்ந்துபோன ஒரு மனிதரின் குரல். அவர் தன் மானத்தையே அவிழ்த்து வைத்துவிட்டு நிற்கிறார். நான் எதைப் பொத்தி வைத்துக்கொண்டு நிற்கிறேன்?

“ரைட்!” என்றேன்.

அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கூடத்தின் கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அப்பாவின் வலது கால் எழும்பியது, என் பாதத்தைத் தாண்டி, கரும்பச்சை விரிப்பில் இறங்கியது. ரைட். இடது கால். ரைட். நான் பக்கத்தில் நடந்தேன். மேசைவரை கூவிக்கொண்டே போனேன். வெட்கப்பட அப்போது நேரமில்லை.

அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“ஐயா, இந்த வியாதி இறக்கம். கீழதான் போகும், எனக்குத் தெரியும். முன்னேற்றம் எங்கன்னு கேட்டா என்னால காட்ட முடியாது. ஆனா ஒண்ணு யோசிங்க. மேட்டுல பஸ் நிக்குது. டிரைவர் பிரேக்ல கால் வெச்சிருக்கார். வெளியில இருந்து பாக்கறவருக்கு பஸ் சும்மாதான் நிக்குது. சும்மா நிக்கிற பஸ்ஸுக்கு டிரைவர் எதுக்குன்னு அவரை இறக்கிவிட்டா பஸ் என்ன ஆகும்? உள்ள நாங்க இருக்கோம்.” அக்காவைக் கைகாட்டினார். “இவங்க இதர இல்ல.”

அவ்வளவுதான் பேசினார். எழுதி வைத்திருந்த மீதிப் பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அளவீட்டு அதிகாரி எழுந்தார். “தலைவர் அவர்களே, நான் இவரைக் கோடு போட்ட அறையில பாத்தேன். வீட்டு வாசல்ல, தெருவுல பாக்கலை. எனக்குக் குடுத்த அளவீட்டு முறையில அப்படிப் பாக்க இடமும் இல்ல. என் அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கறேன். முறையையும் மாத்தணும்,” என்றார். அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். நான் அவரை மதித்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அக்காவிடம், “சரிம்மா, நாங்க என்ன எழுதணும்னு நீங்க நினைக்கறீங்க? சொல்லுங்க,” என்றார்.

அக்கா தயாராக வந்திருந்தார். முன்னேற்றத்துக்காக மட்டுமல்லாமல், உள்ள திறனைக் காப்பதற்கும், அது குறைகிற வேகத்தைத் தடுப்பதற்கும் பயிற்சி தொடர வேண்டும்; ஒருவரை அவர் வாழ்கிற இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே அவருக்கு எது தேவை என்று முடிவு செய்ய வேண்டும். நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டே தலைவர் எழுதினார். பின்னாளில் விதிகள் வெளிவந்தபோது அந்த வாசகம் அநேகமாக அப்படியே இருந்தது. இதர என்ற சொல் இல்லை. நடக்கப் பழக்குகிறவர், கையைப் பழக்குகிறவர், பேச்சையும் விழுங்குவதையும் பழக்குகிறவர் என்று ஒவ்வொரு துறைக்கும் அதனதன் பெயர் இருந்தது. அதை வாசித்துவிட்டுப் பெரியம்மா, “பாத்தியா, என் ஊசி வேலை செஞ்சிருக்கு,” என்றார். அப்பா இன்னும் வாராவாரம் பயிற்சிக்குப் போகிறார்.

ஆனால் அன்று மதியம் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. கூட்டம் கலைந்தது. அக்கா கைப்பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்து, வெள்ளைத் தரையும் பச்சை விரிப்பும் சேருமிடத்தில் ஒரு கோடு ஒட்டினார், அப்பா திரும்பிப் போவதற்கு. அப்பா அதை ஒரே எட்டில் தாண்டி வராந்தாவில் போய் நின்றார். கதவின் இரண்டு பலகையையும் யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். அக்கா என் தோளில் கைபோட்டு, “உனக்கு இவ்வளவு பெரிய தொண்டை இருக்குன்னு ஏன்டி சொல்லலை?” என்றார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம்ப மாட்டாள்.

போகிறவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டே அந்தக் கோட்டை மிதித்துப் போனார்கள். அவர்களுக்கு அது ஒரு டேப்.

கடைசியாக அளவீட்டு அதிகாரி வந்தார். தோளில் பை, கையில் திரும்பப் பெற்ற அறிக்கை. கோட்டருகே வந்து நின்றார். தரையைப் பார்த்தார். நகரவில்லை.

அப்பா வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா,” என்றார், “கதை ஏதாவது சொல்லப் போறீங்களா?”

அதிகாரி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அவர் கண்கள் சிரித்தன, உதடு சிரிக்கவில்லை. பையைத் தோளில் சரி செய்துகொண்டார். காலைத் தேவைக்கு மேல் உயரத் தூக்கி, கோட்டில் செருப்பின் நுனியும் படாமல் தாண்டி, அப்பாவைக் கடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வராந்தாவில் நடந்து போனார்.